மட்டமும் எண்ணெயும்: வன்னியின் கடைசற் பட்டறைகள்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத்தான் வைத்திருக்கிறது. மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்து, அதனை ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலச் செய்யும் ஆய்ச்சியின் தொழிலையும், இரு முளைகளுக்கிடையே கிடத்திய மரத்துண்டிலே வாரைச் சுற்றி உதவியாள் இழுத்துக்கொண்டிருக்க, உளியை ஊன்றிப் பிடித்துக் கட்டிற்காலும் தொட்டிற்காலும் உருட்டி எடுத்த கடைசற்காரரின் தொழிலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர் ஒன்றாக அமைந்த காரணம் தானே விளங்கும். இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடைசற் பட்டறை என்று சொன்னால், மரத்தை நினைப்பார் அரியர்; இரும்பைக் கடையும் யந்திரமே நினைவுக்கு வரும். பேச்சிலே அது வெறும் லேத். மத்துக்கும் லேத்துக்கும் இடையிலே கிடக்கும் தூரத்தை வன்னிப் பெருநிலம் எப்படிக் கடந்தது என்பதும், கடந்த பின் அந்த யந்திரத்தை மட்டம் பார்த்து இருத்தி, எண்ணெய் விட்டுக் காப்பாற்றும் கலையை எப்படிப் பேணிற்று என்பதும் சரித்திரத்திற் சேர்க்கத் தக்க விஷயங்களாகும்.

பழைய மரக்கடைசலில் இரு குறைகள் இருந்தன. வார் ஒரு திசையில் இழுபடும்போது மாத்திரமே உளி வெட்டும். எதிர்த்திசையிற் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக் காத்திருத்தல் வேண்டும். ஆகவே உழைப்பிற் பாதி வீணாயிற்று. உளியோ மனிதனின் கையிற் பிடிக்கப்பட்டது; மரத்துக்கு அந்தப் பிடி போதும், இரும்புக்குப் போதாது. இலண்டன் மாநகரில் ஹென்றி மோட்ஸ்லி (1771–1831) என்னும் கம்மியர் 1800ஆம் ஆண்டளவில் அமைத்த யந்திரம் இரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்கியது: வேலைத்துண்டு ஒரே திசையில் இடைவிடாது சுழன்றது, உளியைக் கை விட்டுவிட, இரும்புத் தடத்திலே வழுக்கிச் செல்லும் சிறு வண்டியொன்று அதனைத் தாங்கியது, அவ்வண்டியை நீண்ட திருகொன்று, சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்ற கணக்குத் தவறாமல் நகர்த்திச் சென்றது. இவற்றுள் ஒவ்வொன்றையும் அவருக்கு முன்னரே பிறர் தனித்தனியே முயன்றிருந்தனர். யாவற்றையும் உலோகத்தாலேயே ஒன்றுகூட்டி, நாடோறும் வேலை செய்யும் உபகரணமாக ஆக்கியமையே மோட்ஸ்லியின் சாதனை. தம் பட்டறையிலே எழும் அளவுத் தகராறுகளைத் தீர்ப்பதற்காக அவர் வைத்திருந்த நுண்ணளவுமானிக்கு, நாட்டின் அதியுயர் நீதிப் பதவியொன்றின் பெயரைச் சூட்டியிருந்தார் என்பர். அளவு என்பது அவருக்கு அத்துணை மேலான நியாயம். அவரிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வர்த், 1841இல் திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். ஒரு யந்திரத்தின் உறுப்புத் தேய்ந்தால் அதே அளவில் மற்றொன்றைச் செய்து மாட்டலாம் என்ற எண்ணம் உலகத்துக்குப் பொதுவானது அக்காலத்திலேதான்.

மோட்ஸ்லியின் யந்திரம் பிறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்ற பின்னரும் வன்னியில் அதற்கு வேலை இருக்கவில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி விரிவான கைநூலொன்றை எழுதி வெளியிட்டபோது, அவர் கண்ட வன்னி காடும், தூர்ந்த குளங்களும், காய்ச்சலும், ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்த சிறு கிராமங்களும் கொண்ட பிரதேசமாகவே இருந்தது. அக்கிராமங்களின் இரும்புத் தேவை கம்மாலையோடு முடிந்தது. கலப்பைக் கொழு, கத்தி, கோடாலி, மண்வெட்டி, போர்த்துக்கேயரிடமிருந்து பெயரைப் பெற்றுக்கொண்ட அலவாங்கு, வண்டிற் சில்லின் பட்டா ஆகிய இவை யாவும் உலையிற் காய்ந்து சம்மட்டியில் உருப்பெற்றன. நெல்லளவு கூடினாலும் குறைந்தாலும் அவற்றின் பிரயோஜனம் கெடுவதில்லை. சுழலும் பொருள் என்று அக்கிராமங்களில் இருந்தவை வண்டிற் சில்லும், கிணற்றுக் கப்பியும், செக்கும் போன்ற சிலவே.

ஆயினும், சுழலும் பொருளுக்கு வேண்டிய இரண்டு அறிவுகள் தமிழரிடம் அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தன. ஒன்று, தேயும் உறுப்புக்கு மாற்று உறுப்பை முன்கூட்டியே வைத்திருத்தல். உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடலொன்று சொல்கிறது. சேம அச்சு என்பது அதன் பெயர். தமிழிலக்கியம் காட்டும் உதிரிப்பாகங்களுள் மிகப் பழையது அதுவாகலாம். மற்றொன்று, உராயும் இடத்தில் எண்ணெயிடுதல். வைக்கோலைக் கரித்துப் பொடியாக்கி எண்ணெயிற் குழைத்து அச்சிலே பூசும் வண்டி மைக்கு மசகு என்று பெயர். இன்று இலங்கைப் பத்திரிகைகள் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் சுத்திகரியாத எண்ணெயை மசகு எண்ணெய் என்று எழுதும்போது, அந்த மாட்டுவண்டிச் சொல் உலகச் சந்தை வரையிற் சென்றுவிட்டது.

வன்னியை மாற்றியது தண்ணீர். குளங்களின் நாட்டிலே மட்டம் என்பது உயிர்நிலையான சொல். அணைக்கட்டின் முதுகு ஓரிடத்திற் சாண் அளவு தாழ்ந்திருந்தாலும் மாரி வெள்ளம் அவ்விடத்தைத் தேடிச் சென்று உடைக்கும். வாய்க்காலின் சரிவு சிறிது பிசகினாலும் கடைசி வயலுக்கு நீர் சேராது. பழைய குளங்களை அளந்து ஆராய்ந்து 1909இல் பண்டை இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், முன்னோர் மட்டம் பார்த்த திறத்தை வியந்தவர்களுள் ஒருவர். கனகராயன் ஆற்றை மறிக்கும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி ஏறத்தாழ இரு தசாப்தங்கள் நடைபெற்றது. அதே காலத்தில் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று காட்டை ஊடறுத்து வந்த வடபகுதிப் புகையிரதப் பாதை, 1905இல் காங்கேசன்துறை வரையில் முழுமையாக இணைந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தை அடுத்து 1936இல் கிளிநொச்சியிற் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. 1940களின் பிற்பகுதியிலே டி.டி.ரி. தெளிக்கப்பட்டு மலேரியாவின் கொடுமை அடங்கிய பின், உருத்திரபுரம், வட்டக்கச்சி, கனகபுரம் எனக் குடியேற்றங்கள் பெருகின.

காட்டை வெட்டிய கைகள் போதாதபோது யந்திரங்கள் வந்தன. மசி பேர்கியுசன் உழவு யந்திரம் வயலில் இறங்கிற்று. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன 1950களின் நடுப்பகுதியில் உருவாக்க, இங்கிலாந்திலே செய்யப்பட்ட இரு சில்லு உழவு யந்திரத்தின் வியாபாரப் பெயரான லான்ட்மாஸ்டர், பின்னர் எந்த நாட்டு இரு சில்லு யந்திரத்துக்கும் பொதுப் பெயராகவே நிலைத்துவிட்டது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் யந்திரமும், உரலின் இடத்தை அரிசி ஆலையும் பிடித்தன. ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் எழுந்தது. யந்திரங்கள் வந்தவுடன் தேய்மானமும் வந்தது. பம்பின் தண்டு தேய்ந்தது. ஆலையின் உருளைத் தண்டிலே பள்ளம் விழுந்தது. சேற்றில் உழும் யந்திரத்தின் முன்னச்சைத் தாங்கும் புஷ்கள் ஆட்டம் கண்டன. உதிரிப்பாகமோ இருநூறு மைலுக்கு அப்பாற் கொழும்பில் இருந்தது. நெற்கதிர் முற்றி நிற்கும் வாரத்திலே ஒரு புஷ்ஷுக்காகக் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் விவசாயிக்கு, அந்தப் புஷ்ஷை அன்று மாலையே கடைந்து கொடுக்கும் மனிதர் ஒருவர் கடைத்தெருவில் இருப்பாராயின், அவரைத் தேடிச் செல்லும் பாதை தானாகவே உண்டாகும். வன்னியிற் கடைசற் பட்டறைகள் முளைத்த காரணம் இதுவே.

அக்காலத்துத் தெற்காசியப் பட்டறைகளுக்குக் கிட்டிய லேத்துகள் பெரும்பாலும் இரு வழியால் வந்தவை. ஒரு வழி இங்கிலாந்து: 1887இல் ஆரம்பமான கொல்செஸ்டர் கம்பெனியின் கனமான யந்திரங்களும், நொட்டிங்காம் அருகே செய்யப்பட்ட மைபோர்ட் என்னும் சிறிய வீட்டு யந்திரங்களும் அவ்வழியின. மறு வழி இந்தியா: ஹரிஹரில் 1941இல் நிறுவப்பட்ட மைசூர் கிர்லோஸ்கரும், பெங்களூரில் 1953இல் அரசு தொடக்கிய எச்.எம்.டி.யும், பட்டாலா, ராஜ்கோட் நகரங்களின் சிறு தொழிற்சாலைகளும் அவ்வழியின. தடங்களைத் தாங்கும் படுகையின் நீளத்தை அடியிற் சொல்லி, ஆறடி லேத், எட்டடி லேத் என்று பெயரிடுவது தெற்காசியப் பட்டறை வழக்கம். புதிதாய் வாங்கியவரைவிட, வேறெங்கோ முப்பது வருஷம் உழைத்துக் களைத்த யந்திரத்தை வாங்கி, வீட்டு முற்றத்திலே தகரக் கொட்டிலைப் போட்டு அதற்குள் இருத்தியவரே இத்தொழிலில் அதிகம்.

1970 முதல் 1977 வரையில் நாட்டை ஆண்ட அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது, வன்னியில் இரு விளைவுகள் ஒருங்கே தோன்றின. மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வாராமையால், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் நட்ட இளைஞர்களின் கையிலே பணம் புரண்டது. அதே கட்டுப்பாட்டினால் அவர்களுடைய பம்புகளுக்கும் உழவு யந்திரங்களுக்கும் வேண்டிய உதிரிப்பாகங்கள் அருமையாயின. பணமும் இருந்து, யந்திரமும் இருந்து, பாகம் மாத்திரம் இல்லாத அந்த விசித்திரமான நிலை கடைசற்காரருக்கு வாய்த்த நற்காலமாகும். மற்றொரு சூட்சுமமும் அப்போது முன்னுக்கு வந்தது. ஆங்கில யந்திரங்களின் புரிகள் அங்குல அளவின. ஜப்பானிலிருந்து வந்த குபோட்டா போன்ற யந்திரங்களின் புரிகளோ மில்லிமீற்றர் அளவின. அங்குலக் கணக்கிலே நீள்திருகு அமைந்த பழைய ஆங்கில லேத்தில் மில்லிமீற்றர்ப் புரியை எப்படி வெட்டுவது? ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர்; ஆதலால் 127 பற்களையுடைய பற்சில்லு ஒன்றை இடையிலே கோத்துவிட்டால் இரு தேசங்களின் அளவும் ஒன்றுக்கொன்று பேசத் தொடங்கும். அந்த ஒற்றைச் சில்லை உடையவரிடம் அயலூர்ப் பட்டறைக்காரரும் வேலை கொண்டுவருவர்.

இனி, பழைய யந்திரமொன்றை வீட்டிலே இருத்தும் முறையைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில், கடைசற்காரரின் பெருமை வெட்டும் வேலையைக் காட்டிலும் இருத்தும் வேலையிலேதான் முதலில் வெளிப்படும். லேத்தின் படுகை வார்ப்பிரும்பு. அதனைப் பார்ப்பவர் அசையாத பாறையென்றே எண்ணுவர். உண்மையில் அது தன் கால்களுக்கு அடியிலுள்ள தரை எப்படியோ அப்படியே முறுகிக்கொள்ளும். நாலு கால்களுள் ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தாலும் படுகை திரிந்துவிட, அதன்மேல் வழுக்கிச் செல்லும் உளிவண்டி போகப் போக வேலையை நெருங்கும், அல்லது விலகும். உருளையாக வரவேண்டிய தண்டு கரட்டைப்போல ஒரு முனையில் ஒடுங்கி வரும். அதனால் அடித்தளத்துக்குத் தடித்த கொங்கிறீற் இட்டு, அது பல நாள் இறுகிய பின்னரே யந்திரத்தை ஏற்றுவர். முதிரை உத்தரங்களின் மேல் ஏற்றியவருமுண்டு. ஆனால் எத்துணை வைரம் பாய்ந்த மரமும் மாரியிற் பெருத்துக் கோடையிற் சுருங்குமாதலால், அவர் வருஷத்துக்கு இருமுறை மட்டம் பார்க்கவேண்டியிருக்கும்.

கட்டடம் கட்டும் மேசனின் நீர்மட்டம் இந்த வேலைக்கு உதவாது. ஒரு மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வையும் காட்டவல்ல நுண்ணிய மட்டம் வேண்டும். அது கிட்டாதவருக்கு யந்திரமே தன்னைச் சோதித்துக் காட்டும் ஓர் உபாயம் இருக்கிறது. விரல் பருமனுக்கு மேற்பட்ட உருக்குத் தண்டொன்றை, வேலைத்துண்டைப் பற்றிச் சுழற்றும் சக்கிலே பிடித்து, ஒரு சாண் அளவு வெளியே நீட்டி, மறுமுனையைத் தாங்காமல் விட்டு, அதன் இரு அந்தங்களிலும் இரு வளையங்களை ஒரே உளியால், ஒரே நிலையில், மெல்லியதாகச் சீவி, இரண்டின் விட்டத்தையும் நுண்ணளவுமானியால் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் படுகை நேர். வெளியந்தத்து வளையம் பருத்திருந்தால் உளி அங்கே விலகிப்போகிறது என்று பொருள். யந்திரத்தின் மறுகோடியான வாற்பாகத்தின் முன்காலுக்கு அடியிலே மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டொன்றைச் செருகி உயர்த்தினால், உளி சற்றே வேலையை நோக்கிச் சாயும். மெலிந்திருந்தால் பின்காலை உயர்த்த வேண்டும். மறுபடியும் சீவி, மறுபடியும் அளந்து, தகட்டை மாற்றி மாற்றி வைத்து, ஒரு பகல் முழுவதும் இப்படியே கழிவது சாதாரணம். அணைக்கட்டின் முதுகிலே மட்டம் பார்த்தவரின் பேரர், அதே பொறுமையை இரும்பின் முதுகிலே செலுத்தினார் என்று சொன்னால் மிகையாகாது.

மட்டத்துக்கு அடுத்தது எண்ணெய். பட்டறைப் பேச்சில் அது ஒயில். பழைய லேத்தின் உடலெங்கும் சிறு சிறு ஒயில் துளைகள் இருக்கும். சிலவற்றுக்கு மூடியுண்டு, சிலவற்றுக்குத் திரியுண்டு, சிலவற்றின் வாயிலே சிறு குண்டொன்று வில்லால் அழுத்தப்பட்டு நிற்கும். சுழல்தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்களுக்கு இலேசான ஒயில், அதாவது இக்காலக் கணக்கில் ஐ.எஸ்.ஓ. 32 என்னும் தரம், பெரும்பாலான சிறு யந்திரங்களுக்கு விதிக்கப்பட்டது. வழுக்கும் தடங்களுக்கு அதனிலும் தடித்த 68 என்னும் தரம் பொருந்தும். வெளியே தெரியும் பற்சில்லுகளுக்கு ஒட்டிக்கொள்ளும் இயல்புடைய தடித்த ஒயில் நல்லது. அந்த எண்கள், 40 பாகைச் சதமவெப்பத்தில் எண்ணெய்க்குள்ள தடிப்பைக் குறிப்பன. இங்கிலாந்தின் குளிர்ந்த பட்டறையிலே, 20 பாகையில், 32ஆந் தர ஒயிலுக்கு இருக்கும் தடிப்பு, வன்னியின் சித்திரை நண்பகலிலே ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே அந்நாட்டுக் கைநூல் காலையில் ஒருமுறை விடச் சொன்னால், இந்நாட்டவர் மதியத்திலும் ஒருமுறை விடுதல் புத்தியாகும். இப்படி விட்ட ஒயில் திரும்பி வருவதில்லை. புஷ்ஷினூடே ஊர்ந்து, வெளிப்பட்டு, தரையிலே சொட்டும். புதியவர் அதனைக் குற்றமென்று கருதுவர். சொட்டும் ஒயிலோ உள்ளே புகுந்த தூசியையும் தன்னோடு அள்ளிக்கொண்டுதான் வெளியேறுகிறது. ‘தம்பி, முதலிலை ஒயிலை விடு, பிறகு சுவிச்சைப் போடு’ என்பது பட்டறையிலே பழகவரும் பையனுக்கு உரைக்கப்படும் முதற் பாடம்.

இரண்டு தவறுகள் இத்தொழிலில் அடிக்கடி நேர்வன. ஒன்று, ஒயில் விடவேண்டிய துளையிலே கிறீஸை அடைத்தல். ஏர்முனையிற் பழகிய கை உழவு யந்திரத்துக்குச் செய்ததை லேத்துக்கும் செய்துவிடும். கிறீஸ் காலப்போக்கில் மெழுகாய் இறுகித் துளையை மூட, அதன் பின்னர் எவ்வளவு ஒயில் விட்டாலும் புஷ்ஷைச் சேராது. மற்றொன்று, சுழல்தண்டு அமைந்த தலைப்பாகத்தின் பற்சில்லுப் பெட்டிக்குள் வாகன எஞ்சின் ஒயிலை ஊற்றுதல். எஞ்சின் ஒயிலிலே அழுக்கைத் தன்னுள் மிதக்கவிடும் மருந்து கலந்திருக்கும். எஞ்சினில் அந்த அழுக்கைப் பிடிக்க வடி உண்டு, பழைய லேத்தில் இல்லை. ஆதலின் அடியிற் படியவேண்டிய இரும்புப் பொடி மிதந்து சுற்றிப் பற்களைத் தின்னும். இவற்றோடு வன்னிக்கே உரிய பகைகள் மூன்று: கோடையிலே பாதையிலிருந்து எழும் செம்மண் புழுதி, பரந்தன் பக்கத்தில் ஆனையிறவுக் கடலேரியிலிருந்து வீசும் உப்புக் காற்று, கொட்டிலின் மூலையிலே அடுக்கப்பட்ட உரமூட்டை. உரம் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். யந்திரத்தைப் போர்த்த வேண்டுமென்று சாக்கைப் போடுவோரும் உளர். மாரி ஈரத்தைக் குடித்த சாக்கு, ஒரே இரவில் தடத்தின்மீது துருவைப் பதித்துவிடும்.

எண்ணெயின் அருமையை வன்னி முழுமையாக உணர்ந்த காலம் 1990களின் பொருளாதாரத் தடைக்காலம். எரிபொருளும், சீமெந்தும், மின்கலமும், உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்த அந்நாட்களில், மோட்டர் சைக்கிள்கள் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தலுக்குள் எரிந்த திரிவிளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். பெரும்பகுதிக்கு மின்விநியோகம் அற்றிருந்தமையால், லேத்தைச் சுழற்ற மின்பிறப்பாக்கியோ, வார்ப்பட்டியால் இணைத்த எஞ்சினோ வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய யாழ்ப்பாணத்துப் பேரிடப்பெயர்வின் பின் வன்னியின் சனத்தொகை பெருக, சைக்கிள் முதல் பம்பு வரையில் திருத்தவேண்டியவையும் பெருகின. போர் செய்தோரின் தேவைகளுக்கும் கடைசல் யந்திரங்கள் திருப்பப்பட்டன என்பதைச் சொல்லாமல் மறைத்தல் சரித்திரத்துக்கு அழகன்று.

ஒயில் கிட்டாத நிலையிலே தேங்காயெண்ணெயை விட்டாலென்ன என்ற ஆசை எவர்க்கும் எழக்கூடியதே. இலுப்பையெண்ணெயும் விளக்கெண்ணெயும் தாராளமாய் இருந்த சமுதாயத்தில் அது இயற்கையான யோசனை. முதலாம் உலக யுத்தத்து ஆகாய விமான எஞ்சின்கள் பலவற்றுக்கே உராய்வைத் தணிக்க விளக்கெண்ணெய்தான் விடப்பட்டது. உளி வெட்டும் முனையிலே, புரி இழுக்கும்போதும் துளையிடும்போதும், தேங்காயெண்ணெய் மிக நல்ல பயனைத் தரும். ஆனால் சுழல்தண்டின் புஷ்களுக்கு அது பகை: மார்கழி விடியலிலே போத்தலுக்குள் உறைந்து வெள்ளையாய் நிற்பதை எந்த வீட்டிலும் காணலாம், அதே உறைவு ஒயில் துளைக்குள்ளும் நேரும். நாட்பட்டுக் காறிப்போனால் அதிற் பிறக்கும் அமிலம் வெண்கலத்தைப் பச்சையாக்கும். நல்லெண்ணெயோ காலப்போக்கிற் பிசினாகும். ஆகவே விவேகமுள்ளவர், வாகனங்களிலிருந்து கழித்த ஒயிலை நாட்கணக்கில் தெளியவிட்டு, மேலே நின்றதைத் துணியில் வடித்து, தடங்களுக்கும் வெளியே தெரியும் பற்சில்லுகளுக்கும் பூசி, எஞ்சிய நல்ல ஒயிலைச் சுழல்தண்டுக்கென்று ஒதுக்குவதே முறை. வறுமை கற்பித்த அந்த ஒதுக்கீடு, யந்திர சாஸ்திரத்துக்கும் உடன்பாடானது.

இடப்பெயர்வு கடைசற்காரருக்கு ஏனையோரிலும் பாரமானது. 1996இலே கிளிநொச்சி பெயர்ந்தது. 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரையில் வன்னி முழுவதுமே மேற்கிலிருந்து கிழக்கே, முல்லைத்தீவுக் கரையை நோக்கிப் பெயர்ந்தது. கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு யந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றோர் அநேகர். ஆயின் ஆறடி லேத்தைப் பெட்டியில் ஏற்றினால் குடும்பத்துக்கு இடமிராது. விட்டுச் செல்லப்பட்டவை திறந்த வெளியிலே மழை குடித்தன. முன்னாளில் வார்ப்பாலைக்காரர் புதிய படுகைகளை மாதக்கணக்கில் வெளியிலே போட்டு வெயிலிலும் மழையிலும் ஆறவிட்டே சீவினர். அவ்வாறு ஆறிய இரும்பு பின்னர் முறுகாது என்பது அவர்களின் அனுபவம். வன்னிப் படுகைகளுக்கு அந்தச் சம்ஸ்காரம் இரண்டாம் முறையும் நடந்தது போலும். மீள்குடியேற்றத்தோடு பழைய இரும்பு வியாபாரமும் பெருகியபோது, அவற்றுட் சில திரும்பவும் எண்ணெய் கண்டன. பல, கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டு லொறி ஏறின.

இன்று கிளிநொச்சியின் அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. கணினி நடத்தும் லேத்தைப் பற்றிப் பேசும் தலைமுறை அங்கே பயில்கிறது. அவர்களுக்கும் முதற் பாடம் மட்டமும் எண்ணெயுமே. கணினியானது முறுகிய படுகையை நேராக்காது. எனினும், முதிரை உத்தரத்தின்மேல் யந்திரத்தை இருத்திய அனுபவமும், கழித்த ஒயிலைத் தெளியவிட்ட அனுபவமும் எந்தப் பாடநூலிலும் ஏறாமல், முதியவர் சிலரின் நினைவில் மாத்திரமே தங்கியிருக்கின்றன. பிள்ளைகள் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பது பெரிய செலவில்லாத நற்காரியம்.

வீட்டுக் கொட்டிலிலே துருப்பிடித்த லேத் ஒன்று உடையவர்க்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வியாபாரி தராசோடு வருமுன்னர், மண்ணெண்ணெயிலே துணியை நனைத்துத் தடங்களைத் துடையுங்கள். வழுக்கும் தடத்தில் உப்புத்தாளைத் தேய்க்காதீர்கள். ஒயில் துளைகளிலே இறுகிய கிறீஸை மெல்லிய கம்பியாற் குடைந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நல்ல ஒயிலை விடுங்கள். மோட்டரைத் தொடாமல் சக்கைக் கையாலே பத்து முறை சுற்றிப் பாருங்கள். அது தடையின்றிச் சுழன்றால் அந்த யந்திரத்துக்கு இன்னும் ஆயுள் உண்டு. ஒரு பகலும் ஒரு போத்தல் ஒயிலும் செலவிட்டுப் பார்த்த பின்னரும் விற்பதே சரியென்று தோன்றினால், அப்போது விற்கலாம்.